காமம், காதல், கற்பு: மூன்று சொற்கள் நடந்த வழி



ஒரு மக்கட்கூட்டம் அன்பையும் உடலையும் எவ்வாறு எண்ணியது என்பதை அறிய அரண்மனைக் கல்வெட்டுகள் பெரிதும் துணைசெய்வதில்லை. அதற்குச் சொற்களே சான்று. சொல் நெடுங்காலம் வாழ்வது. ஆனால் ஒவ்வொரு தலைமுறையிலும் தன் பொருளைச் சிறிது மாற்றிக்கொள்வது. காமம், காதல், கற்பு என்னும் மூன்று சொற்களும் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாகத் தமிழில் வழங்குகின்றன. இன்று பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் இவற்றைச் சொல்பவரும், அன்று குறுந்தொகை பாடிய புலவரும் ஒரே ஒலியை எழுப்புகின்றனர். ஒரே பொருளைக் கருதவில்லை. அந்த வேறுபாட்டின் வரலாறே இவ்வுரையின் பொருள்.

இலக்கணம் வகுத்த காதல்

உலக மொழிகள் பலவற்றுக்கு இலக்கண நூல்கள் உண்டு. எழுத்துக்கும் சொல்லுக்கும் விதி கூறியதோடு அமையாமல், வாழ்வின் பொருளுக்கும் இலக்கணம் கூறியது தொல்காப்பியம். அதன் பொருளதிகாரம் வாழ்வை அகம், புறம் என இரண்டாகப் பகுத்து, அகத்தை ஏழு திணைகளாக்கியது. இருவர் மனமும் ஒத்த அன்பு ஐந்திணை. ஒருவரிடம் மட்டும் தோன்றும் விருப்பம் கைக்கிளை. பொருந்தாத உறவு பெருந்திணை. இப்பகுப்பின் அளவுகோல் யாது என எண்ணிப் பார்த்தல் வேண்டும். உடல் விருப்பம் உண்டா இல்லையா என்பதன்று அளவுகோல். விருப்பம் இருபாலும் ஒத்திருந்ததா என்பதே அளவுகோல். இன்று நாம் ‘இருவரின் உடன்பாடு’ என்று சொல்வதற்கு நெருங்கிய கருத்து இது.

இவ்வொத்த அன்பு இரண்டு நிலைகளில் நடந்தது. பிறர் அறியாமல் நிகழ்வது களவு. ஊரறிய வாழ்வது கற்பு. ஆகவே தொல்காப்பியத்தில் கற்பு என்பது முதன்மையாக ஒரு வாழ்க்கை நிலையின் பெயர். பொய்யும் வழுவும் தோன்றிய பிறகே பெரியோர் திருமணச் சடங்கை வகுத்தனர் என்று கற்பியல் குறிப்பிடுகிறது. சடங்கு முதலில் இல்லை, அன்பே முதலில் இருந்தது, ஏமாற்றத்தைத் தடுக்கவே சடங்கு பின்னர் வந்தது என்பது அதன் கருத்து. அகநானூற்றின் 86, 136 ஆகிய இரு பாடல்கள் அக்காலத் திருமணத்தைக் காட்டுகின்றன. அங்கே உழுந்து கலந்த சோறும், மணற்பந்தரும், நல்ல நாளும், வாழ்த்தும் மகளிரும் உள்ளனர். வேள்வித் தீ இல்லை, மந்திரம் ஓதுவாரும் இல்லை.

பெற்றோர் இசையாதபோது காதலர் இருவரும் சேர்ந்து ஊரை விட்டு நீங்குவதற்கு உடன்போக்கு என்று பெயர். கொடுப்பவர் இல்லாமலும் அவர்களுக்குத் திருமணம் உண்டு என்று தொல்காப்பியம் இடந்தருகிறது. இச்சொல்லின் அமைப்பை மாணவர்கள் கவனிக்க வேண்டும். ‘உடன்’ என்னும் அடை, செயல் இருவருடையது என்பதைக் காட்டுகிறது. இன்று அதே செயலைக் குறிக்க நம் வீடுகளில் வழங்கும் சொல் ‘ஓடிப்போனவள்’. இங்கே ‘உடன்’ மறைந்தது. பெண்பால் விகுதி வந்து அமர்ந்தது. ஈராயிரம் ஆண்டுகளில் பழி யார்மேல் நகர்ந்தது என்பதை ஒரு விகுதியே சொல்லிவிடுகிறது.

பொருள் மாறிய விதம்

சங்கப் பாடல்களில் காமம் என்பது இழிசொல் அன்று. குறுந்தொகையில் தலைவியும் தோழியும் அச்சொல்லைத் தயக்கமின்றி ஆள்கின்றனர். உள்ளத்தின் ஏக்கமும் உடலின் வேட்கையும் பிரியாமல் நின்ற ஒரு முழுமைக்கு அதுவே பெயர். திருவள்ளுவர் தம் நூலின் மூன்றாம் பாலுக்கு அப்பெயரையே சூட்டி, 25 அதிகாரங்களில் 250 குறட்பாக்களைப் பாடினார். அதே வள்ளுவர் துறவறவியலில், வெகுளியோடும் மயக்கத்தோடும் சேர்த்துக் காமத்தை நீக்க வேண்டிய குற்றங்களுள் ஒன்றாக வைக்கிறார். ஒரே நூலில் ஒரே சொல் இருவேறு மதிப்புப் பெறுகிறது. இது முரண்பாடன்று. இல்லறத்தார்க்கு ஓர் அறமும் துறவறத்தார்க்கு ஓர் அறமும் இருந்த சமூகத்தில், இருவர் வாயிலும் அச்சொல் இருவேறு பொருள் தந்தது. பின்வந்த நூற்றாண்டுகளில் துறவியின் பொருள் வளர்ந்தது. இல்லறத்தான் பொருள் தேய்ந்தது. மொழியியலார் இதனை இழிபொருட்பேறு என்பர். இன்று காமம், காமுகன் என்னும் சொற்கள் செய்தித்தாளின் குற்றச் செய்திகளிலேயே மிகுதியாகக் காணப்படுகின்றன. மூன்றாம் பாலையும் பலர் இன்பத்துப்பால் என்று பெயர் மாற்றி அழைக்கின்றனர்.

காதல் என்னும் சொல் வேறு வழியில் சென்றது. அது இழியவில்லை, சுருங்கியது. பழைய நூல்களில் மகன்மேல் தந்தைக்கும், நண்பன்மேல் நண்பனுக்கும், பொருள்மேல் மனிதனுக்கும் உள்ள விருப்பம் அனைத்தும் காதலே. இன்னொரு வேறுபாடும் உண்டு. குறளின் கற்பியல் அதிகாரங்களில் மனைவி தன் கணவனைக் காதலர் என்றே சொல்கிறாள். காதல் திருமணத்தோடு முடிந்துவிடவில்லை. இன்றோ காதலர் என்றால் மணமாகாதவர் என்று பொருள். மணமானபின் அவர்கள் கணவனும் மனைவியும் ஆகிவிடுகின்றனர். சொல் சுருங்கியபோது எதிர்பார்ப்பும் சுருங்கியது.

கற்பு அடைந்த மாற்றமே பெரிது. களவுக்கு இணையான வாழ்க்கை நிலையைக் குறித்த சொல், சிலப்பதிகாரத்தில் ஒரு பெண்ணின் உள்ளத்திலிருந்து எழுந்து மதுரையை எரிக்கும் ஆற்றலாயிற்று. பிற்கால நீதி நூல்களிலும் புராணங்களிலும் அது பெண்ணுடலைக் காக்கும் வேலியாகக் குறுகியது. ஆணுக்கு அவ்வேலி இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரதியார், கற்பு என்று ஒன்றைப் பேசுவதாயின் அதனை இருபாலார்க்கும் பொதுவாக்க வேண்டும் என்று பாடினார்.

இதற்கிடையே பக்தி இலக்கியம் அகத்திணையைக் கோயிலுக்குள் கொண்டுசென்றது. ஆண்டாள் திருமாலைக் காதலனாகக் கொண்டு பாடினார். நம்மாழ்வார் ஆணாயிருந்தும் தலைவியின் குரலில் பாடினார். மாணிக்கவாசகர் தில்லைச் சிவன்மீது 400 பாடல்களில் திருக்கோவையார் என்னும் அகக் கோவை இயற்றினார். உடல் வேட்கையைப் பேசும் மொழி அழிந்துவிடவில்லை. மனிதரிடமிருந்து இறைவனுக்கு இடம் பெயர்ந்தது.

அச்சேறிய ஏடுகளும் கப்பலேறிய மக்களும்

கி.பி. 1730 இல் வீரமாமுனிவர் திருக்குறளை இலத்தீனில் பெயர்த்தபோது அறத்துப்பாலையும் பொருட்பாலையும் மட்டுமே எடுத்துக்கொண்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் துரூ பாதிரியார் ஆங்கிலத்தில் பெயர்த்தவை 63 அதிகாரங்கள். அவையும் மூன்றாம் பாலைத் தொடவில்லை. ஜி. யு. போப் மூன்றாம் பாலின்மேல் முதலில் தயக்கம் கொண்டிருந்தும், 1886 இல் முப்பாலையும் முழுமையாக ஆங்கிலத்தில் வெளியிட்டார். ஏறத்தாழ அதே ஆண்டுகளில் சங்க இலக்கியம் ஏட்டுச்சுவடியிலிருந்து அச்சுக்கு வந்தது. சி. வை. தாமோதரம் பிள்ளை கலித்தொகையை 1887 இல் பதிப்பித்தார். உ. வே. சாமிநாதையரின் ஐங்குறுநூறு 1903 இல் வந்தது. நற்றிணையும் குறுந்தொகையும் 1915 இல் அச்சேறின.

இந்த ஆண்டுகளை மலாயா வரலாற்றோடு இணைத்துப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் அகப்பாடல்கள் அச்சேறிய அதே காலத்தில், அப்பாடல்களின் ஊர்களிலிருந்து மக்கள் பினாங்குக்கும் கிள்ளானுக்கும் கப்பலேறிக்கொண்டிருந்தனர். ஒப்பந்தக் கூலிமுறை 1910 இல் நிறுத்தப்பட்டது. கங்காணி முறை 1938 வரை நீடித்தது. வந்தவருள் ஆண்களே மிகுதி. 1931 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போதும் மலாயா இந்தியருள் ஆயிரம் ஆண்களுக்குப் பெண்கள் ஏறத்தாழ ஐந்நூறு பேரே இருந்தனர். பால்வெட்டுக்கு வேண்டிய கைகளைக் கணக்கிட்டவர்கள், அந்தக் கைகளுக்கு உரியவர்க்குக் குடும்பம் வேண்டும் என்பதைக் கணக்கிடவில்லை.

இதன் விளைவு காதலையும் திருமணத்தையும் நேரடியாகத் தாக்கியது. ஊரில் மனைவியை விட்டு வந்தவர் லயத்தில் இன்னொரு துணையோடு வாழ்ந்தார். சாதி பார்த்து மணம் முடிக்கும் வழக்கம் சில தோட்டங்களில் தளர்ந்தது, சிலவற்றில் இறுகியது. கோயில் முன்னிலையில் தாலி கட்டிய பல திருமணங்கள் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. துணை இறந்தால் சேமநிதியையோ இழப்பீட்டையோ கேட்கும் பெண்ணிடம் காட்ட ஒரு தாளும் இருக்காது. பிரிக்பீல்ட்ஸின் நிலை வேறு. இரயில்வே அலுவலகங்களில் எழுத்தர்களாகப் பணியாற்றிய யாழ்ப்பாணத் தமிழர் பலர் ஊருக்குச் சென்று, சாதகமும் சீதனமும் பார்த்து மணமுடித்துத் திரும்பினர். ஸ்கொட் சாலைக் கந்தசுவாமி கோயில் அவர்கள் சமூக வாழ்வின் மையமாயிற்று. சில கல் தொலைவுக்குள் ஒரே மொழி பேசும் இரு சமூகங்களுக்குத் திருமணம் என்னும் சொல் இருவேறு பாதுகாப்பைத் தந்தது.

மலாயாவின் முதல் தமிழ் நாவல் என இலக்கிய வரலாற்றாசிரியர் பலரும் குறிப்பிடும், க. வெங்கடரத்தினம் எழுதிய ‘கருணாசாகரன்’, ‘காதலின் மாட்சி’ என்னும் மறுபெயரையும் தாங்கி வந்தது. 1910-களின் பிற்பகுதியில், பெண்கள் குறைந்த ஒரு நாட்டில், எழுத்தறிந்த தமிழன் முதலில் கற்பனை செய்தது காதலின் பெருமையை என்பது சிந்திக்கத்தக்கது.

கிள்ளான், 1941

நம் பாடநூல்கள் 1941 ஆம் ஆண்டின் கிள்ளான் வேலைநிறுத்தத்தைக் கூலிப் போராட்டமாகவே குறிப்பிடும். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் முதலியோர் வழிநடத்திய அப்போராட்டத்தின் கோரிக்கைகளை முழுமையாகப் படித்தால் வேறொன்றும் தெரியும். சீனத் தொழிலாளர்க்கு இணையான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடை மூடல், துரையைக் கண்டதும் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்னும் இழிவுக்கு முடிவு ஆகியவற்றோடு, தொழிலாளர் வீட்டுப் பெண்களிடம் வெள்ளை அதிகாரிகளும் அவர்களுக்குக் கீழிருந்த ஆசிய அலுவலரும் தகாத முறையில் நடந்துகொள்வது நிறுத்தப்பட வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை.

1941 இல் அச்செயலைக் குறிக்க நம் மக்களிடம் தனிச்சொல் இல்லை. ‘பாலியல் தொல்லை’ என்னும் தொடர் பின்னாளில் வந்தது. இருந்த சொற்கள் மானம், கற்பு, கெடுத்தல் என்பவை. அவை மூன்றும் துன்புறுத்தியவனைச் சுட்டாமல் துன்புற்றவளையே சுட்டுகின்றன. ‘கெட்டுப்போனாள்’ என்னும் தொடருக்கு எழுவாய் அவள்தான். கெடுத்தவன் வாக்கியத்துக்குள் வருவதே இல்லை. இத்தகைய சொற்களை மட்டுமே வைத்திருந்த மக்கள், அக்கொடுமையைக் குடும்ப அவமானமாக மறைக்காமல், முதலாளிக்கு முன்வைக்கும் உரிமைக் கோரிக்கையாக மாற்றினர். மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். வேலைநிறுத்தம் பரவியது; படை வரவழைக்கப்பட்டது; துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். பெண்ணின் உடல் மீதான உரிமையைப் பொதுவெளிக் கோரிக்கையாக எழுப்பிய மலாயாத் தமிழரின் முன்னோடி நிகழ்வுகளுள் ஒன்றாக இதனையும் நாம் கற்பிக்க வேண்டும். பாலியல் தொல்லைக்கு எதிராக ஒரு தனிச் சட்டம் மலேசிய நாடாளுமன்றத்தில் நிறைவேறி நடைமுறைக்கு வந்தது 2022 ஆம் ஆண்டிற்குப் பின்னரே.

சீர்திருத்தமும் சட்டமும்

1929 டிசம்பரில் தந்தை பெரியார் மலாயா வந்து பல நகரங்களில் உரையாற்றினார். குடிஅரசு இதழில் அவர் கற்பையும் காதலையும் பற்றி எழுதியவை இங்கும் படிக்கப்பட்டன. கற்பு என்னும் சொல் பெண்ணை அடிமையாக்கும் கருவி என்றார் அவர். காதலையும் அவர் தெய்வீகமாக்கவில்லை. அது மற்ற விருப்பங்களைப் போன்ற ஒரு மனித விருப்பமே, மாறக்கூடியதே என்றார். வியப்பு யாதெனில், காதல் என்னும் சொல்லுக்குப் பழைய நூல்களில் இருந்த ‘பொது விருப்பம்’ என்னும் பொருளுக்கு அவர் கருத்து நெருங்கி வருகிறது. கோ. சாரங்கபாணி 1935 இல் தொடங்கிய தமிழ் முரசு சீர்திருத்தத் திருமணங்களுக்கு ஆதரவளித்தது. அவர் தாமே ஒரு சீனப் பெண்மணியை மணந்தார்.

தமிழ்நாட்டில் சுயமரியாதைத் திருமணத்திற்குச் சட்ட ஏற்பளிக்கும் திருத்தம் 1967 இல் அண்ணா முதலமைச்சராயிருந்தபோது நிறைவேறியது. மலேசியாவில் 1976 ஆம் ஆண்டின் திருமணம், மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. முஸ்லிம் அல்லாதார்க்கு ஒருவனுக்கு ஒருத்தி என்பது அன்றுமுதல் சட்டம். திருமணப் பதிவு கட்டாயமாயிற்று. தொல்காப்பியம் கூறிய பொய்யும் வழுவும் இங்கும் தோன்றியிருந்தன. கரணத்தின் இடத்தைப் பதிவேடு பெற்றது.

பேடி முதல் திருநங்கை வரை

ஆண், பெண் என்னும் இரண்டுக்குள் அடங்காதாரைத் தமிழ் எவ்வாறு குறித்தது என்பதும் இவ்வரலாற்றின் பகுதியே. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில், பேடி என்னும் பெயருக்குத் தனி விகுதி இல்லை என்றும் அது உயர்திணைக்குரிய பால் விகுதிகளைக் கொண்டே முடியும் என்றும் விதிக்கிறது. இலக்கணத்தின் முதல் வாசலிலேயே அவர்கள் உயர்திணையில் வைக்கப்பட்டனர். 13 ஆம் நூற்றாண்டின் நன்னூல், பெண்மை விட்டு ஆண்மை விரும்புவோரை ஆண்பாலாகவும், ஆண்மை விட்டுப் பெண்மை விரும்புவோரைப் பெண்பாலாகவும் கொள்கிறது. ஒருவர் எவ்வாறு பிறந்தார் என்பதைவிட எதனை அவாவுகிறார் என்பதற்கு இடம் தரும் விதி அது. ஆனால் அதே நூற்பா அவர்களை அஃறிணை போலச் சொல்வதற்கும் இடந்தருகிறது. மதிப்பும் இழிவும் ஒரு நூற்பாவுக்குள் அருகருகே நிற்கின்றன.

1860 இல் ஆங்கிலேயர் இந்தியாவில் இயற்றிய தண்டனைச் சட்டத்தின் 377 ஆம் பிரிவு, ‘இயற்கைக்கு மாறானது’ என்னும் கருத்தைச் சட்டச்சொல்லாக்கியது. இந்திய உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில், வயதுவந்தோர் உடன்பட்டு வாழும் தன்பால் உறவை அப்பிரிவிலிருந்து நீக்கியது. அச்சட்டத்தின் வழிவந்த பிரிவுகள் நம் நாட்டில் இன்றும் உள்ளன. தமிழ்நாட்டில் 2008 இல் திருநங்கையர் நல வாரியம் அமைந்தது. ஏளனச் சொற்கள் இருந்த இடத்தில் திருநங்கை என்னும் மதிப்புச் சொல் நிலைபெற்றது. சென்னை உயர் நீதிமன்றத்தின் முயற்சியைத் தொடர்ந்து 2022 இல் தமிழ்நாடு அரசு இத்துறைக்கான கலைச்சொற்களை வெளியிட்டது. கொள்கை குறித்து நம்மிடையே கருத்து வேறுபாடு இருக்கலாம். ஒருவரை உயர்திணையில் சுட்ட வேண்டும் என்பதில் தமிழாசிரியர் எவர்க்கும் வேறுபாடு இருத்தலாகாது.

வகுப்பறைக்கு வேண்டுவது

கோலாலம்பூருக்கு இவ்வரலாற்றில் ஒரு சிறப்பிடம் உண்டு. மலாயாப் பல்கலைக்கழக இந்தியவியல் துறைத் தலைவராயிருந்த சேவியர் தனிநாயகம் அடிகள், 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டை இந்நகரில் கூட்டினார். சங்க இலக்கியத்தில் இயற்கையும் காதலும் இணையும் முறையை ஆராய்ந்து உலக அரங்கில் எடுத்துரைத்தவர் அவர். 1730 இல் ஒரு கத்தோலிக்கத் துறவி காமத்துப்பாலை ஒதுக்கி வைத்தார். ஏறத்தாழ இருநூற்றிருபது ஆண்டுகளுக்குப் பின் இன்னொரு கத்தோலிக்கத் துறவி அகத்திணையைத் தமிழரின் உயர்ந்த கொடை என்று பேசினார். இருவரும் தமிழை நேசித்தவர்களே. மாறியது காலத்தின் பார்வை.

நம் வகுப்பறைகளின் பார்வை எங்கே நிற்கிறது? மாணவர் மனனம் செய்யும் குறட்பாக்கள் பெரும்பாலும் முதலிரு பால்களைச் சேர்ந்தவை. நலக்கல்விப் பாடத்தில் பருவமாற்றத்தையும் பாதுகாப்பான தொடுதலையும் கற்பிக்கும் ஆசிரியர், தமிழ்ப் பாடத்தில் காமம் என்னும் சொல் வந்தால் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார். விளைவாக, பதின்ம வயது மாணவனிடம் இரண்டு மொழிகளே எஞ்சுகின்றன. ஒன்று திரைப்பாடலின் ‘லவ்’. மற்றொன்று தெருவின் வசைச்சொல். இடையே சொல்லின்மை. தனக்கு நேர்ந்த கொடுமையைச் சொல்ல விரும்பும் பிள்ளைக்கு அந்தச் சொல்லின்மையே வாய்ப்பூட்டு ஆகிறது. 2017 ஆம் ஆண்டில் சிறார்க்கு எதிரான பாலியல் குற்றங்களுக்குத் தனிச் சட்டம் வந்துவிட்டது. சட்டத்தின் துணையை நாட முதலில் வேண்டுவது, நடந்ததை நாணமின்றிச் சொல்லும் மொழி.

அதற்கான கருவிகள் நம் இலக்கியத்திலேயே உள்ளன. கைக்கிளையைக் கற்பிக்கும்போது, மறுப்பவரை விடாமல் துரத்துவது காதல் ஆகாது என்று சொல்லலாம். திரைப்படம் பலமுறை அதற்கு எதிரானதைச் சொல்லியிருக்கிறது. அகப்பாடல்களில் தலைவன், தலைவி பெயர் சுட்டப்படாத மரபைக் கற்பிக்கும்போது, ஒருவரின் அந்தரங்கத்தைப் பெயரோடும் படத்தோடும் கைப்பேசியில் பரப்புவது எத்தகைய கொடுமை என்று விளக்கலாம். ஊரார் பேசும் பழிச்சொல்லுக்கு அலர் என்று பெயரிட்டு, அதற்கென்றே குறளில் ஓர் அதிகாரம் அமைந்ததையும் சுட்டலாம். உடன்போக்கைக் கற்பிக்கும்போது, பழியை ஒரு விகுதியில் சுமத்தும் நம் பேச்சைத் திருத்தலாம்.

பழங்காலம் குறையற்றது என்பது என் கருத்தன்று. அகப்பாடல்களில் பரத்தையும் உண்டு. தலைவனின் பிரிவுக்கு மன்னிப்பும் உண்டு. தலைவிக்கு அத்தகைய உரிமை இல்லை. காதலைப் பற்றிய எண்ணம் எக்காலத்திலும் ஒரே நிலையில் நின்றதில்லை என்பதே நான் நிறுவ விரும்பியது. நின்றதில்லை என்றால், இனியும் மாறும். அம்மாற்றம் ஒத்த அன்பையும் உயர்திணை மதிப்பையும் நோக்கிச் செல்லுமா என்பது, நாளை காலை முதற்பாடவேளையில் ஓர் ஆசிரியர் எந்தச் சொல்லைத் தயங்காமல் சொல்கிறார் என்பதையும் பொறுத்தது.